அம்மா ஏரியில் விட்ட சீட்டு

காலை ஆறரை மணிக்கு நான் கூடத்தில் பாய் போட்டு மேல்நாட்டார் குறி பார்க்கும் டாரட் படச் சீட்டைக் கலைக்க ஆரம்பித்தால், ஏழு மணிக்குள் வாசலில் நான்கு ஜோடி செருப்பு சேர்ந்துவிடும். சென்ற ஐப்பசி முழுக்க இதுதான் என் நிலைமை. அமெரிக்காவில், ஒகையோ மாநிலத்தில், பல வருடங்களாக இதே காரியத்தைச் சமையலறை மேசையில் செய்துவருகிறேன். அங்கே என்னை எட்டிப் பார்த்தது பக்கத்து வீட்டுப் பூனை மட்டும்தான். உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் போகும் வழியில் இருக்கும் எங்கள் ஊரில், ஒரு மனுஷி ஐந்து நிமிடம் தனியாக உட்கார்ந்து ஒரு படத்தைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

தம்பி கல்யாணத்துக்கு மூன்று வார விடுப்பில் வந்தவள் நான். திரும்பிப் போக விசா முத்திரை வேண்டும் என்று சென்னை அமெரிக்கத் தூதரகத்தில் பாஸ்போர்ட்டைக் கொடுத்தேன். கூடுதல் பரிசீலனை என்று ஒரு துண்டுத்தாளை நீட்டினார்கள். மூன்று வாரம் பதினோரு வாரமாகிவிட்டது. எனக்குக் குடிநீர்ப் பரிசோதனைக்கூடத்தில் வேலை. கணினி வேலை என்றால் இங்கிருந்தே பார்க்கலாம். ஒகையோவின் குழாய்த் தண்ணீரை யாராவது ஈமெயிலில் அனுப்புவார்களா? மாதக் கடைசி வரைதான் உன் இடத்தைக் காலியாக வைத்திருக்க முடியும் என்று மேலாளர் கடிதம் போட்டுவிட்டார். வேலை போனால் விசா போச்சு, விசா வராவிட்டால் வேலை போச்சு. இந்த லட்சணத்தில் தெருவில் இறங்கினால், “எப்ப வந்த?” என்று கேட்ட அதே வாய் மூச்சு விடாமல் “எப்ப போற?” என்றும் கேட்கும். அதற்குப் பதில் தெரிந்தால் நான் ஏன் தெருவில் நிற்கிறேன்?

இந்தச் சீட்டுக்கட்டை எனக்குக் கொடுத்தவள் கூட வேலை பார்க்கும் டெபி. உலகமே கதவைச் சாத்திக்கொண்டு கிடந்த நாட்களில் நான் தனி அறையில் புலம்பிக்கொண்டிருந்தேன். “தினம் ஒன்று எடு. அதைப் பார்த்து, இன்றைக்கு நான் எதற்குப் பயப்படுகிறேன் என்று உன்னையே கேள். அப்புறம் எழுந்து வேலையைப் பார்” என்றாள். “என் கிரீன் கார்டு எப்போது வரும் என்று இதில் தெரியுமா?” என்று நான் கேட்டதற்கு, “அட்டைக்கு எப்படித் தெரியும்?” என்று சிரித்தாள். சிரித்தவள் அதோடு விட்டிருக்கலாம். “ஆனால் நீ இந்தியாக்காரி, உனக்கு இதெல்லாம் ரத்தத்திலேயே இருக்குமே” என்றாள். என் ரத்தத்தில் இருந்ததெல்லாம் இரும்புச்சத்துக் குறைபாடு. சொன்னேன்; அவளுக்குப் புரியவில்லை. அங்கே நான் பிறவி ஜோசியக்காரி, இங்கே அமெரிக்கா போய்ப் படித்துவந்த ஜோசியக்காரி. இரண்டு நாட்டுக்கும் நடுவில் நான் கண்ட முன்னேற்றம் இவ்வளவுதான்.

செருப்புகளில் முதல் ஜோடி எப்போதும் மல்லிகாவுடையது. எங்கள் கழனியில் நாற்று நட வருகிறவள். “யக்கா, எங்க வூட்டாண்ட போர் போட்டா தண்ணி வருமா? உன் சீட்ல கொஞ்சம் பாத்து சொல்லேன்” என்றாள். இது ஜோசியம் இல்லை, மனசை நிதானமாக வைத்துக்கொள்ள நான் செய்வது என்று பொறுமையாக விளக்கினேன். அவள் முழுவதையும் கேட்டுக்கொண்டாள்.

“அதான்க்கா நானும் சொல்றேன். என் மனசு நிதானமா இல்ல. தண்ணி வருமான்னு சொல்லிடு, நிதானமாயிடும்.”



பதினோராவது வாரம், ஒரு காலை, கட்டு கைக்கு மெலிந்தாற்போல இருந்தது. எண்ணினேன். எழுபத்தெட்டில் ஒன்று குறைந்தது. பரப்பிப் பார்த்ததில் மரணச் சீட்டைக் காணோம்: வெள்ளைக் குதிரைமேல் எலும்புக்கூடு ஏறிவருகிற படம். அடுப்படியிலிருந்த அம்மாவிடம் கேட்டேன்.

“நான்தான் எடுத்தேன். எலும்புக்கூட்ட வூட்ல வச்சிக்கினு நல்ல சேதி வரலியே வரலியேன்னா எப்டிடி வரும்? எலுமிச்சம்பழம் சுத்தி, கற்பூரம் கொளுத்தி ஏரில வுட்டுட்டு வந்தேன். மெதந்துக்கினே போச்சி.”

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. அது சாவைக் குறிப்பது இல்லை, ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்குவதைச் சொல்கிற சீட்டு, இந்த வீட்டில் இப்போது எனக்கு வேண்டிய ஒரே சீட்டு அதுதான் என்று கத்தினேன். “முடியறதுன்னா இன்னா? சாவுதானே?” என்று அம்மா சட்டினியைத் தாளித்தாள். அன்றைக்கு நாஷ்டா சாப்பிடாமல் எழுந்து போனேன். நிதானத்துக்காக வைத்திருந்த சீட்டுக்காக, பெற்றவளிடம் நிதானம் இழந்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

மறுநாள் மதியம் கைபேசியில் தகவல் வந்தது: பாஸ்போர்ட் தயார், வந்து வாங்கிக்கொள்ளவும்.

அதற்கப்புறம் வாதாடி ஜெயிக்க முடியுமா? ராத்திரிக்குள் ஊருக்கே சேதி போய்விட்டது. தூதரகத்தில் யாரோ வாரக்கணக்கில் என் தாள்களைப் புரட்டியதெல்லாம் கணக்கில் சேரவில்லை. அம்மாவின் எலுமிச்சம்பழம்தான் விசா வாங்கித் தந்தது. மல்லிகா வந்து, தன் வீட்டில் தண்ணீர் வர எந்தச் சீட்டை ஏரியில் விட வேண்டும் என்று கேட்டாள். கேட்டது என்னிடம் இல்லை, அம்மாவிடம்.

வியாழக்கிழமை விமானம். புதன்கிழமை பெட்டி அடுக்கினேன். ஒரு பாதியில் குளிர்கோட்டு, மறு பாதியில் அம்மா திணித்த வடகமும் மிளகாய்த்தூளும். ஜெயித்த களிப்பில் இருக்க வேண்டிய அம்மா, மடித்த துணியையே திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தாள். என்ன என்று கேட்டேன். இன்னும் கோபமா என்றும் கேட்டேன்.

“கோவம் இன்னாத்துக்கு? இவ்ளோ சீக்கிரம் வேல செய்யும்னு தெரிஞ்சிருந்தா, பொங்கல் கழிச்சி வுட்டிருப்பேன்.”

இரண்டு மாதமாகப் போகவேண்டும் போகவேண்டும் என்று வீட்டை இரண்டாக்கியவள் நான்.  பெட்டி மூடிக்கொள்ளவில்லை. நான் மேலே ஏறி உட்கார்ந்தேன், அம்மா மண்டிபோட்டு ஜிப்பை இழுத்தாள். பாதி தூரம் வந்ததும் அவள் கை நின்றுவிட்டது. இழும்மா என்று நானும் சொல்லவில்லை.