விளிம்பு வரை ஊற்றிய தேநீர்

பொறுமையைப் பெரியோர் அறமென்று போற்றினர். பகையை ஆறவிடாது காப்பதற்கும் அதுவே துணை என்பதை மார்கிலான் நகரத்து முகத்தஸ் அறிந்திருந்தாள். தொலைக்காட்சிப் பெட்டிகளைப் பழுதுபார்ப்பவள் அவள். தேநீர்க்கடை எஷ்முராத் முன்னொரு நாள் தனக்கு ஊற்றித் தந்த ஒரு கிண்ணத் தேநீரை, ஆண்டுகள் பல கடந்தும் நெஞ்சில் சூடு குறையாமல் வைத்திருந்தாள்.

அன்று அவனது கடைப் பெட்டியை அவள் சீராக்கித் தந்த மறுவாரமே படம் அவிந்துபோயிற்று. "பொம்பள கை பட்டா இப்படித்தான்" என்று ஊர் கேட்கச் சொல்லி, கிண்ணத்தை விளிம்பு வரை நிரப்பி அவள்முன் நகர்த்தினான். மதிப்புள்ளவருக்குச் சிறிது சிறிதாகத்தான் ஊற்றுவார்கள். நிரப்பித் தந்தால் குடித்துவிட்டு எழுந்து போ என்று பொருள். அவள் எழுந்து போனாள். பின்னர் அவளிடம் வேலை வரவில்லை. மெத்தை தைத்துப் பிழைத்தாள்.

இப்போது மரக்கூடு பொருத்திய அதே தொலைக்காட்சிப் பெட்டியோடு அவனே அவள் வாசலில் நின்றான். அவன் தம்பி மகன் வெள்ளிக்கிழமை தொலைக்காட்சியில் மல்லுக்கு இறங்குகிறான். தன் தந்தை வாங்கிய பெட்டியிலேயே அதைக் காட்டுவதாக எஷ்முராத் ஊரெல்லாம் சொல்லிவிட்டிருந்தான்.

"கடைத்தெருவுல ரிப்பேர்காரங்க எல்லாரும் தூக்கிப் போடுன்னுட்டாங்க, தங்கச்சி."

"அவங்களுக்கெல்லாம் ஆம்பளக் கைதானே, அண்ணே?"

"பழச விடும்மா."

"விட்டாச்சு. பெட்டிய உள்ள வைங்க."

ஒரு குண்டு பல்பைத் தொடராக இணைத்து, மின்சாரத்தை மெல்ல மெல்ல உள்ளே விட்டாள். ஒலி எழுந்தது, திரை நடுவே ஒற்றை வெண்கோடு கிடந்தது. படத்தை மேலும் கீழும் விரிக்கும் வால்வு என்னும் கண்ணாடிக் குழலைக் கழற்றினாள். தான் பொருத்தும் வால்வின் அடியில் நகச்சாயப் புள்ளி வைப்பது அவள் வழக்கம். இதில் புள்ளி இல்லை. உள்ளே கறுத்துப்போன வேறொரு பழைய வால்வு.

பெட்டியைக் கெடுத்துத் தருவது எளிது. ஆனால் அது அவன் சொல்லை மெய்யாக்கிவிடும். ஆகவே கசிந்த மின்தேக்கிகளை மாற்றினாள், வால்வு செருகும் பித்தளைத் துளைகளைச் சுரண்டினாள், புதிய வால்வைப் பொருத்தினாள். கோடு விரிந்து படமாயிற்று.

வெள்ளிக்கிழமை கடை நிறைந்திருந்தது. படம் துலங்கியதும் எஷ்முராத் அவளுக்குக் கிண்ணத்தின் அடி நனையும் அளவே ஊற்றி, நெஞ்சில் கைவைத்துப் பணிவாக நீட்டினான்.

"அண்ணே, நான் அன்னைக்குப் போட்ட வால்வு உங்க வீட்டுப் பெட்டியில நல்லா ஓடுதா?"

அவன் முகம் வெளுத்தது. "அது... வீட்டுக்கு விருந்தாளிங்க வந்தாங்க. ஒரு நாளைக்குன்னுதான் கழட்டி வீட்டுப் பெட்டியில மாட்டினேன்."

"அந்த விருந்தாளிங்க இன்னும் போகலையா?" என்றார் அங்கிருந்த ஊர் மூத்தவர் ஹோல்மத். கடை சிரித்து ஓய நேரமாயிற்று.

முகத்தஸ் தேநீர்க் குடுவையை அவன் கையிலிருந்து வாங்கினாள். அவன் கிண்ணத்தை விளிம்பு வரை நிரப்பி அவன்முன் நகர்த்தினாள்.

"ஊத்தியாச்சு. குடிப்பா, எஷ்முராத்," என்றார் ஹோல்மத்.

நா வேகக் குடித்தவன், தன் கடையிலிருந்தே எழுந்து வெளியேறினான். தம்பி மகன் எதிராளியைச் சாய்த்தபோது எழுந்த ஆரவாரம் மட்டுமே தெருவில் நின்ற அவன் காதில் விழுந்தது. காட்சியைக் கண்டவள் முகத்தஸ்.

அவள் மனையில் அடுப்பு அணையாதிருக்க, ரொட்டி குறையாதிருக்க, அவ்வீட்டார்முன் எக்கிண்ணமும் நிரம்பி வாராதிருக்க.