இருக்கிறபடி வாசித்த சொல்

மகள் பள்ளிக்கூடத்தில் கொடுத்த பாட நாவலை மேசையில் வைத்தாள். கிளிநொச்சியில் நான் பத்தாம் வகுப்பில் படித்த அதே நாவல்.

எங்கள் ரீச்சர் ஒவ்வொருவராக எழுப்பி அதை வாசிக்க வைப்பார். என் முறையில், முதலாளி வேலைக்காரனைத் 'தோட்டக்காட்டான்' என்று ஏசும் பக்கம் வந்தது. மலையகத் தோட்டத் தமிழரை இழிவாகச் சொல்லும் சொல் அது. என் அப்பா இனக்கலவரத்தில் தேயிலைத் தோட்டத்தைவிட்டு வன்னிக்கு ஓடிவந்தவர். அவர் கதை வகுப்பு முழுக்கத் தெரியும். அந்தச் சொல்லை விழுங்கிவிட்டு அடுத்த வரிக்குப் போனேன்.

“ஏன் விட்டிட்டீர்? இருக்கிறபடி வாசியும். இது இலக்கியம்,” என்றார் ரீச்சர்.

வாசித்தேன். பின்வரிசை வாங்கில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ரீச்சர் நாவலின் நடையழகை விளக்கத் தொடங்கினார்.

அன்று பின்னேரம் அப்பா, “இன்னைக்கு என்னம்மா படிச்ச?” என்று ஆசையாகக் கேட்டார். அவருக்கு எழுத்துத் தெரியாது. கணக்கு என்று பொய் சொன்னேன்.

மகள் கொண்டுவந்தது புதுப் பதிப்பு. அந்தச் சொல்லுக்குக் கீழே ஒரு குறிப்புக்கூட யாரும் போடவில்லை. நல்ல நாவல்தான், அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

“நாளைக்கு இந்தப் பக்கத்தை நான்தான் வாசிக்கவேணும், அம்மா,” என்றாள்.

“வாசி. வாசிச்சு முடிய, இது உன்ர தாத்தாவை ஏசின சொல் எண்டு ரீச்சரிட்டச் சொல்லு.”

“நீங்கள் அப்ப சொன்னனீங்களோ?”

“இல்லை,” என்றேன்.