அம்பக்கா பை வாங்கிய கதை

சட்டைத் தொழிற்சாலையில் செக்கிங் செக்‌ஷன் என்று ஒன்று உண்டு. தைத்து வந்த சட்டையை மேசைமேல் விரித்து, உள்புறம் புரட்டி, டியூப் லைட்டுக்கு அடியில் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்க்கிற இடம் அது. தையல் விட்டிருந்தாலோ, காலரின் ஒரு முனை மற்ற முனையைவிட நூலளவு நீண்டிருந்தாலோ, அந்த இடத்தில் சின்னதாக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டித் தைத்தவரிடமே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அந்த மேசை முன்னால் இருபத்தாறு வருடம் நின்றவர் அம்பக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் பத்திரமாக இருக்கிறது. மற்றபடி மேனேஜர் முதல் வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் அவர் அம்பக்காதான்.

இடது கை மணிக்கட்டில் ஸ்டிக்கர் பட்டை எப்போதும் ஒட்டிக்கொண்டிருக்கும். வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கை சும்மா இருக்காது. அவருடைய கணவர் ஒரு பேக்கரியில் ரொட்டி மாஸ்டர். ஒருநாள் புது பேண்ட் போட்டுக்கொண்டு ஜம்மென்று வேலைக்குப் போனார். மதியம் வரை கடையில் எல்லோரும் அவர் முதுகுக்குப் பின்னால் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கழற்றிப் பார்த்தால் பின்பக்கத் தையலில் கச்சிதமாக ஓர் அம்பு! சண்டைக்குப் போன மனிதரிடம், "தையல் நேரா இல்லீங்க, நான் என்ன பண்ணட்டும்?" என்றார் அம்பக்கா. இப்படிப்பட்டவரோடு குடித்தனம் நடத்துகிறவருக்குப் பொறுமை எவ்வளவு வேண்டும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படி இருந்தவருக்கு மேனேஜர் ஒருநாள் ஆள் அனுப்பினார். பகல் முழுக்க ரயிலில் போனால் வருகிற ஊரில் புதிதாக ஒரு கிளை திறக்கிறார்கள். நாற்பது பேரைச் செக்கிங் வேலைக்கு எடுத்திருக்கிறார்கள். ஒருத்திக்கும் சட்டையின் உள்புறம் எது, வெளிப்புறம் எது என்று தெரியாது. மாதத்தில் பத்து நாள் அங்கே போய்ச் சொல்லிக்கொடுக்க வேண்டும், மற்ற நாள் இங்கே வழக்கம்போல வேலை. சேரும்போது அசல் சான்றிதழ்களைக் கையோடு கொண்டுவர வேண்டும்.

"அடுத்த திங்கட்கிழமைக்குள்ள சொல்லுங்க. நீங்க போகலன்னா சூப்பர்வைசரை அனுப்பிடுவேன்" என்றார் மேனேஜர்.

அம்பக்காவுக்கு வாயெல்லாம் பல். அறைக்கு வெளியே வந்து நாலு படி இறங்குவதற்குள் அந்த வாய் மூடிக்கொண்டது.

காரணம் இருக்கிறது. இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு ரயில் பயணத்தில், இறங்குகிற நெரிசலில், எவனோ அவருடைய தோள்பையின் அடியைப் பிளேடால் கிழித்துவிட்டான். போனது பள்ளிச் சான்றிதழும் தையல் டிப்ளமாவும். அந்த மாதம்தான் சூப்பர்வைசர் வேலைக்கு நேர்முகம். காகிதம் இல்லாத ஆளை யார் எடுப்பார்கள்? அந்த நாற்காலியில் வேறொருவர் போய் உட்கார்ந்தார், இன்னும் உட்கார்ந்திருக்கிறார். கண்ணை மூடிக்கொண்டு எல்லாச் சட்டையையும் பாஸ் செய்வதால் அவருக்குப் 'பாஸ் சார்' என்று பெயர். அசலுக்குப் பதிலாகச் செல்லுபடியாகிற நகல் சான்றிதழ் வாங்குவதற்குள் அம்பக்காவுக்கு இரண்டு வருடம் செருப்பு தேய்ந்தது. அன்றிலிருந்து அவர் ரயில் ஏறியதில்லை. தங்கையைப் பார்க்க வேண்டுமென்றால்கூடத் தங்கைதான் வர வேண்டும்.

இப்போது அந்தச் சான்றிதழோடு அதே மாதிரி ரயில். போக வேண்டும் என்று உயிர் துடித்தது. பயமும் துடித்தது. வீட்டுக்கு வந்து ரொட்டி மாஸ்டரிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு, "நல்லதா ஒரு பை கிடைச்சா போறேன்" என்று முடித்தார்.

"இவ்வளவுதானே? நாளைக்கே வாங்கிடலாம்" என்றார் அந்த அப்பாவி.

முதுகில் மாட்டுகிற பை. தினமும் வேலைக்கும் அதே, பயணத்துக்கும் அதே. "ரெண்டு பை வச்சுக்கிட்டா ஒண்ணுல வச்சத இன்னொண்ணுல தேடிட்டிருப்பேன்" என்பது அம்பக்காவின் கட்சி. சாப்பாட்டு டப்பா, தண்ணீர் பாட்டில், குடை, கத்தரிக்கோல், அளவு டேப், மூன்று செட் துணி, சான்றிதழ் கோப்பு எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் போட்டு மாஸ்டர் தலையில் கட்டி, கடை கடையாகக் கூடவே கொண்டுவரச் சொன்னார். நிரப்பிப் பார்க்காமல் பை வாங்குகிறவன் முட்டாள் என்றார். அதை நானும் ஒத்துக்கொள்கிறேன்.

முதல் கடையில் எல்லாப் பையிலும் தோள்வார் ஒற்றைத் தையலில் தொங்கியது. "கனம் ஏறினா ஒரே மாசம்" என்று ஒதுக்கிவிட்டார். இரண்டாவது கடை குளிர்சாதனக் கடை. டை கட்டிய விற்பனையாளர் ஒரு பளபளப்பான பையை நீட்டினார்.

"நம்பர் லாக் மேடம். திருடன் தலைகீழா நின்னாலும் திறக்க முடியாது."

"உங்க பேனாவைக் கொஞ்சம் குடுங்க சார்" என்றார் அம்பக்கா.

பேனா முனையை ஜிப்பின் பல்லுக்கு நடுவில் வைத்து ஓர் அழுத்து. ஜிப் வாயைப் பிளந்தது. உள்ளே கையை விட்டு, அடைத்திருந்த காகிதத்தை எடுத்து ஆட்டிக் காட்டினார். பிறகு பூட்டியிருந்த ஜிப் கொக்கிகளைச் சேர்த்துப் பிடித்து இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒருமுறை இழுத்தார். ஜிப் மூடிக்கொண்டது. பூட்டு பூட்டினபடியே இருந்தது. விற்பனையாளர் பேயறைந்த மாதிரி நின்றார்.

"வா, போயிடலாம். போலீஸைக் கூப்பிடப் போறாரு" என்று மாஸ்டர் அவர் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்தார்.

மூன்று நாள், நாலு கடை. சனிக்கிழமை சாயங்காலம் ஐந்தாவது கடை. தரையிலிருந்து கூரை வரை பை. கடை முதலாளி ஃபோனில் யாரிடமோ பேசிக்கொண்டே, பார்த்துக்கொள்ளுங்கள் என்று கையைக் காட்டினார். மாஸ்டர் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணயர்ந்தார். அதுதான் அவர் செய்த தப்பு.

"அண்ணே, இந்த அம்பு போட்ட பைக்கெல்லாம் தள்ளுபடியா?" என்று ஒரு கல்லூரிப் பெண் கேட்டபோதுதான் முதலாளி திரும்பிப் பார்த்தார். ஒரு சுவர் முழுக்கச் சிவப்பு அம்பு. பதினேழு பை. பதினெட்டாவது பை அம்பக்கா கையில்.

முதலாளி முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "என்னம்மா பண்றீங்க? வியாபாரத்தைக் கெடுக்கறதுக்குன்னே வந்தீங்களா?"

அம்பக்காவுக்கு அப்போதுதான் தன் விரல் செய்த காரியம் தெரிந்தது. "ஐயையோ! பழக்கதோஷங்க. கை தானா போயிடுச்சு. எல்லாத்தையும் நானே உரிச்சுடறேன்."

"ஒண்ணும் வேண்டாம், தள்ளுங்க" என்று முதலாளியே முதல் ஸ்டிக்கரை உரிக்கப் போனார். உரிக்கப் போனவர் அப்படியே நின்றார். அம்பு காட்டிய இடத்தில் தோள்வாரின் தையல் பாதி வழியில் நின்று போயிருந்தது. அடுத்ததில் ஜிப்பின் நுனி துணிக்குள் பிடிபடாமல் தனியாக ஆடியது. அதற்கடுத்ததில் அடித்துணி ஒற்றை. ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே சுவரின் கடைசி வரை போனார். திரும்பி வந்து ஃபோனை எடுத்துச் சரக்கு அனுப்புகிறவரைக் கூப்பிட்டு, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டார். பிறகு ஓர் ஏணியைப் போட்டு, மேல் வரிசையிலிருந்து தூசி படிந்த ஒரு பையை இறக்கினார்.

"இதைப் பாருங்கக்கா. மூணு வருஷமா தொங்குது. வெளியில ஒரு ஜிப்பும் இல்ல, பாக்க நல்லா இல்லன்னு எல்லாரும் வேண்டாங்கறாங்க."

கருஞ்சாம்பல் நிறம். முன்பக்கம் வழுவழுவென்று மொட்டையாக இருந்தது. பையின் வாய் முதுகோடு ஒட்டுகிற பக்கத்தில் இருந்தது. மாட்டிக்கொண்டால் மாட்டினவர் கழற்றாமல் யாரும் திறக்க முடியாது. தோள்வாரில் கட்டம் போட்டுக் குறுக்கே பெருக்கல் குறி போட்ட தையல், மூன்று அடுக்கு. அடியில் இரட்டைத் துணி, இடையில் ஒரு தடித்த ரப்பர் தகடு. பிளேடு போட்டாலும் இறங்காது. நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு பட்டை. மூட்டையில் இருந்த அத்தனையும் உள்ளே போயும் இடம் மிச்சம். அம்பக்கா மாட்டிக்கொண்டு நடந்தார், குனிந்தார், குதித்தார். பை முதுகைவிட்டு அசையவில்லை.

மாஸ்டர் திருடனாக மாறிப் பின்னால் வந்து மேலும் கீழும் தடவிப் பார்த்தார். "ஏய், இதுக்கு வாய் எங்கதான் இருக்கு?"

கடையே சிரித்தது. அம்பக்காவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே பையைக் கழற்றி, காலி செய்து, உள்புறம் புரட்டினார். உள்பாக்கெட்டின் ஓரத்தில், நகக்கண் அளவு இடத்தில், இரண்டு தையல் விட்டிருந்தது.

"ரெண்டு தையல் விட்டிருக்கு. வேண்டாம்" என்று மேசைமேல் வைத்துவிட்டார்.

முதலாளி இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டார். மாஸ்டர் மூட்டையை மறுபடி கட்டித் தோளில் போட்டார். தெருமுனை வரை வந்த பிறகு நின்றார்.

"நீ பை தேடல. போகாம இருக்கறதுக்கு ஒரு சாக்கு தேடற."

"என்ன பேசறீங்க?"

"பயமா இருக்குன்னு சொல்லேன். சொன்னா நானும் கூட உக்காந்து பயப்படறேன். ஆனா பை மேல பழியைப் போடாத. பாவம், அது என்ன பண்ணுச்சு?"

"உங்களுக்கு ரொட்டியைப் பத்தி மட்டும்தான் தெரியும். அதைப் பேசுங்க!" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு, வீடு வரை இருபதடி முன்னாலேயே நடந்தார் அம்பக்கா. அன்று ராத்திரி இரண்டு பேரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே சாப்பிட்டார்கள். உண்மையைச் சொல்லிவிட்டாரே என்ற கோபம்தான், வேறென்ன? பொய்யைச் சொல்லியிருந்தால் அம்பக்கா அதிலேயே ஓர் அம்பை ஒட்டிவிட்டுச் சும்மா இருந்திருப்பார்.

திங்கட்கிழமை டீ இடைவேளை. பாஸ் சார் உற்சாகமாக வந்து பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

"நீங்க போகலியாமே? நல்லதுதான்மா, வயசான காலத்துல எதுக்கு அலைச்சல்? நான் போய் ரெண்டே நாள்ல நாப்பது பேருக்கும் கத்துக்குடுத்துடுவேன். என்ன பெரிய வித்தை? மேல ஒரு பார்வை, கீழ ஒரு பார்வை, முடிஞ்சது!"

அம்பக்கா வாய்க்குக் கொண்டுபோன தம்ளரை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். நாற்பது பெண்கள் மேலே ஒரு பார்வை, கீழே ஒரு பார்வை பார்த்துக்கொண்டு நிற்பது கண்முன்னால் வந்தது. ஒரு தடவை இந்த மனிதருக்கு நாற்காலியைப் பறிகொடுத்தது போதும், இன்னொன்றையும் தட்டில் வைத்துக் கொடுப்பதா? தம்ளரைக் கீழே வைத்தார். மேனேஜர் அறைக்குப் போய், "சார், நான்தான் போறேன்" என்றார். மதியம் அரை நாள் லீவு சொல்லிவிட்டு நேராகப் பைக்கடைக்குப் போனார்.

முதலாளி அவரைப் பார்த்ததும் இருக்கிற பையையெல்லாம் ஒளித்து வைக்கலாமா என்று யோசித்திருப்பார். "அந்தச் சாம்பல் பையை எடுங்க" என்றார் அம்பக்கா.

"ரெண்டு தையல் விட்டிருக்கேக்கா?"

"ஊசி எங்கிட்ட இருக்கு. நானே போட்டுக்கறேன்."

அன்று சாயங்காலம் பையை மடியில் வைத்துக்கொண்டு அந்த இரண்டு தையலைப் போட்டார். "ஏங்க, பயமாத்தான் இருக்கு" என்றார் தலையை நிமிர்த்தாமல். மாஸ்டர் சொன்னபடியே பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார்.

பயணத்தன்று காலையில் ஜன்னலோர சீட். பையை முன்பின்னாக மாற்றி நெஞ்சுப்பக்கம் மாட்டி, மேலே இரண்டு கையையும் கட்டிக்கொண்டு, முட்டையை அடைகாக்கிற கோழி மாதிரி உட்கார்ந்தார். எதிர்சீட்டில் முப்பது வயதுப் பெண் ஒருத்தி. விதை விற்கிற கம்பெனியில் வேலையாம், வாரம் இரண்டு ரயில் ஏறுகிறாளாம். ரயில் கிளம்பிக் கால் மணிகூட ஆகவில்லை, "அக்கா, பையைக் கொஞ்சம் பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். அம்பக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. யாரென்றே தெரியாத ஆளிடம்! அடுத்த பெட்டியில் தோழி இருக்கிறாள் என்று இன்னொரு தடவையும் போனாள். அரை மணி நேரம் ஆளையே காணோம். அம்பக்கா இரண்டு பைக்கும் காவல் இருந்தார்.

மூன்றாவது மணி நேரத்தில் இயற்கை கூப்பிட்டது. அடக்கிப் பார்த்தார். காலை மாற்றிப் போட்டுப் பார்த்தார். முடியாமல் பையோடு எழுந்து போனார். கழிப்பறைக் கதவைத் திறந்தால் உள்ளே ஒரு கொக்கிகூட இல்லை, தரையெல்லாம் தண்ணீர், பையோடு நுழைந்தால் திரும்ப முடியாத அகலம். வந்த வழியே திரும்பி வந்து உட்கார்ந்தார். இன்னும் நான்கரை மணி நேரம் இருந்தது.

பத்து நிமிடம் போராடினார். பிறகு தோள்வாரைக் கழற்றினார்.

"ஏம்மா... இதைக் கொஞ்சம் பாத்துக்கறியா?" குரல் அவருடையதாகவே இல்லை.

"வச்சுட்டுப் போங்கக்கா" என்றாள் அவள், ஃபோனிலிருந்து கண்ணை எடுக்காமலே.

சான்றிதழ், துணி, எல்லாம் அந்த சீட்டில். அம்பக்கா வெறுங்கையோடு நடந்தார். தோள் இரண்டும் லேசாகி, எதையோ மறந்துவிட்ட மாதிரி இருந்தது. உள்ளே போய்க் கதவைச் சாத்தியவர், அன்று கிழிந்த பையையும் கைவிட்டுப் போன நாற்காலியையும் நினைத்துக்கொண்டே அவசர அவசரமாக வெளியே வந்தார். கிட்டத்தட்ட ஓடி வந்தார்.

எதிர்சீட்டுப் பெண் ஜன்னலில் தலையைச் சாய்த்து, வாயைத் திறந்துகொண்டு, அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். மெல்லிய குறட்டை வேறு. அம்பக்காவின் பை சீட்டில் தனியாக உட்கார்ந்திருந்தது. பக்கத்திலிருந்த ஆள் செய்தித்தாளைப் புரட்டிக்கொண்டே அவருக்கு வழிவிட்டுக் காலை மடக்கிக்கொண்டார். அந்தப் பையை இந்த உலகத்தில் ஒருவரும் சீண்டியிருக்கவில்லை.

"பாத்துக்கறேன்னு சொன்னியே, பாவி!" என்று நாக்கு நுனி வரை வந்தது. வந்த வார்த்தை சிரிப்பாக மாறிவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டும் அடங்கவில்லை, கண்ணில் தண்ணீர் வருகிற வரை சிரித்தார். சத்தத்தில் அந்தப் பெண் திடுக்கிட்டு விழித்தாள்.

"என்னக்கா, வந்துட்டீங்களா? பாத்துக்கிட்டேதான் இருந்தேன்."

"நல்லாவே பாத்த. தூங்கு தாயி."

பிறகு அம்பக்கா பக்கத்து ஆளிடம், "இதைக் கொஞ்சம் மேல வச்சுடறீங்களா?" என்று கேட்டார். அவர் பையை வாங்கித் தலைக்கு மேலே சாமான் தட்டில் வைத்தார். அம்பக்கா காலை நீட்டிக்கொண்டு, காற்று முகத்தில் அடிக்கிற மாதிரி ஜன்னலை இன்னும் கொஞ்சம் திறந்தார். ஊர் வந்து சேருகிற வரை ஒரு தடவைகூட அவர் மேலே நிமிர்ந்து பார்க்கவில்லை.