அழித்த இரண்டு பத்திகள்

கரண்ட் போனதும் மின்விசிறி தன்பாட்டில் சுழன்று அடங்கும் ஓசை. இறங்கி, இறங்கி, இன்னும் நிற்காமல். அதைக் கேட்டால் இன்றும் என் கை தானாக மடிக்குள் போய்விடுகிறது. இறக்கைகள் முழுசாக நின்ற பிறகுதான் வெளியே எடுப்பேன். வீட்டில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

சரவணம்பட்டியில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் நான்காம் தளத்தில் எனக்கு வேலை. கம்ப்யூட்டருக்குள் மற்ற எல்லா நிரல்களுக்கும் அடியில் கிடந்து எந்திரத்தோடு நேராகப் பேசுகிற கெர்னல் என்ற ஒன்று உண்டு. அதற்கான விளக்கப் பக்கங்களைப் பராமரிக்கிறேன். அவற்றில் ஒரு பக்கம் பிராசசரின் சுழற்சி எண்ணியைப் பற்றியது. பிராசசர் ஒருமுறை துடித்தால் எண்ணியில் ஒன்று கூடும். ஒரு நொடிக்குள் கோடிக்கணக்கில் கூடும். நேரத்தை நுணுக்கமாக அளக்க வேண்டியவர்கள் அந்த எண்ணைப் படித்து அளப்பார்கள். எப்படிப் படிப்பது, எதுவரை நம்பலாம் என்று சொல்வது என் பக்கம்.

நம்பலாம். எத்தனை எளிதாக எழுதியிருக்கிறேன் இந்தச் சொல்லை.

அந்தப் பக்கத்தின் கடைசியில் இரண்டு பத்திகள் இருந்தன. எனக்கு முன்னால் யாரோ எழுதியவை. பழைய சிப்புகளில் எண்ணி ஒரே வேகத்தில் ஓடாது. வேலையில்லாமல் பிராசசர் மெதுவானால் அதுவும் மெதுவாகும், வேலை கூடினால் அதுவும் பாயும். இதை வைத்துக் கடிகாரம் செய்யாதீர்கள் என்ற எச்சரிக்கை. புதிய சிப்புகளுக்கு அந்தக் குறை கிடையாது. ஒரு மதியம், பக்கத்தைச் சுருக்கும் ஆவேசத்தில், இரண்டையும் அழித்தேன். அந்தச் சிப்பை இன்னும் யார் வைத்திருக்கப்போகிறார்கள்? 'வழக்கொழிந்த குறிப்பு நீக்கப்பட்டது' என்று ஒரு வரி சேர்த்து அனுப்பினேன். கடல் தாண்டி இருந்த சரிபார்ப்பவர் அரைமணியில் ஒப்புதல் தந்தார். பக்கம் சுத்தமாக இருந்தது. அன்று முழுக்க அந்தச் சுத்தம் எனக்குப் பிடித்திருந்தது.

நான் பிறந்து வளர்ந்த ஊர் இது. இங்கே எதையும் தூக்கிப் போடுவதில்லை என்பது எனக்குத் தெரியாதா? எரிந்த மோட்டாருக்கு மறுபடி செம்புக்கம்பி சுற்றுவோம். வெளிநாட்டில் கழித்துவிட்ட தறியைக் கப்பலில் வரவழைத்து இருபது வருடம் ஓட்டுவோம். பழைய சிப்பு ஏறிய போர்டு மட்டும் எப்படிச் சாகும்?

ஒன்றரை வருடம் கழித்து அலுவலகத்துக்கு ஒரு போன் வந்தது.

"ஏனுங்க, அந்த எண்ணிப் பக்கத்தைப் பாத்துக்கறது நீங்கதானுங்களா?"

"ஆமாங்க."

"அட, அம்மணிங்களா? எழுத்து அத்தன முறைப்பா இருந்துச்சா, மீசை வெச்ச ஆளுன்னு நெனச்சுப்போட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க. ஒரே ஒரு சந்தேகமுங்க. பக்கம் தப்புங்களா, நான் தப்புங்களா?"

அவிநாசிப் பக்கம் பட்டறை வைத்து மில்களுக்குக் கன்ட்ரோல் போர்டு செய்து கொடுப்பவர். பழைய போர்டுகளை வாங்கி, சுத்தம் செய்து, என் பக்கத்தை வரிவரியாகப் படித்து, பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் எந்திரத்தின் கதவுப் பூட்டுக்கு வைத்திருக்கிறார். எந்திரத்துக்குள் ஆளுயர உருளை; அதன் மேலெல்லாம் கம்பிப் பற்கள். மோட்டாரை நிறுத்தினாலும் அது ஓய்ந்து நிற்க ஏறக்குறைய மூன்று நிமிடம் ஆகும். அதுவரை கதவு திறக்கக் கூடாது. அந்த மூன்று நிமிடத்தைச் சுழற்சி எண்ணியால் அளப்பதுதான் அவருடைய போர்டின் வேலை.

"பூட்டு முன்னாடியே தொறந்துக்குதுங்க. இன்னும் ஆருக்கும் ஒண்ணும் ஆவலீங்க."

'இன்னும்' என்றதை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அவரோடு அந்த மில்லில் நின்றேன். சூடேறிய பஞ்சுத்தூசியின் வாசனை மூக்கில் ஏறியது. எந்திரத்தைத் துடைக்கும் பெண் காதுகளில் ரப்பர் அடைப்பான்கள் மாட்டியிருந்தாள். இரண்டையும் கோர்த்த நீலக்கயிறு கழுத்தில் தொங்கியது. எங்களைப் பார்த்ததும் ஒன்றைப் பிடுங்கினாள்.

"ஏனுங்ணா, உங்க பூட்டுக்கு டீக்குப் போற அவசரமுங்களா?"

"கிண்டலை அப்பறம் வெச்சுக்கலாம் கண்ணு. மெஷினை நிறுத்து மொதல்ல."

நிறுத்தினாள். நான் போனில் நேரம் பார்த்தேன். ஓசை கீழே இறங்கத் தொடங்கியது. ஒரு நிமிடம். ஒன்றரை நிமிடம். 'டக்'கென்று பூட்டு விட்டது.

"போர்டை எப்போ ஆன் பண்ணுவீங்க?" என்று அவரைக் கேட்டேன்.

"காத்தால ஷிப்டுக்குங்க. ஆன் ஆனதும் ஒரு நொடிக்கு எத்தன எண்ணுதுன்னு அளந்து வெச்சுக்கும்."

"அப்போ பிராசசருக்கு வேறே வேலை இருக்குமா?"

"ஒண்ணுமிருக்காதுங்க. மெஷின் ஓடுனாத்தானுங்க வேலையே..."

பாதியில் நிறுத்திவிட்டார். காலையில் சோம்பலாக இருந்தபோது எடுத்த அளவு. பகலில் அது இரட்டை வேகத்தில் ஓடும்போதும் அதே அளவு. போர்டின் மூன்று நிமிடம், எங்களுடைய ஒன்றரை நிமிடம்.

கதவைத் திறந்தார். உருளை நின்றுகொண்டிருந்தது. அப்படித்தான் தெரிந்தது. எங்கும் ஒரே மாதிரிப் பற்கள் என்பதால் சுழல்வதும் நிற்பதும் கண்ணுக்கு ஒன்றுதான். சாம்பல் பளபளப்பு, ஓர் அசைவு இல்லை. அவர் ஓர் ஈர்க்குச்சியின் நுனியில் துளி பஞ்சைச் சுற்றி, கையை எட்டவே வைத்து, உள்ளே நீட்டினார். பஞ்சைக் காணோம். குச்சியின் நுனியையும் காணோம்.



"எனக்குத் தெரியுமுங்க," என்றாள் அவள். "சத்தம் அடங்குனாத்தான் கை வெப்பேன். பூட்டை ஆரு நம்புனா?" பிறகு கழுத்துக் கயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். "போன மாசத்துலருந்து இதை மாட்டியே ஆவோணும்னு சொல்லிப்போட்டாங்க. ஒண்ணும் கேக்கறதில்லீங்க. இப்ப பூட்டைத்தான் பாக்கறேன்."

அவளுடைய கையைப் பார்த்தேன். பார்க்காமல் இருக்க முடியவில்லை. சுத்தமான கை. நகத்தில் பாதி உரிந்த மருதாணி.

"பக்கம்தான் தப்பு. ஒரு எச்சரிக்கை இருந்துச்சு. நான்தான் அழிச்சேன்," என்றேன் அவரிடம்.

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் குச்சியையே பார்த்துக்கொண்டிருந்தார். "பன்னெண்டு போர்டு குடுத்திருக்கேனுங்க," என்றார்.

அங்கேயே அந்தப் போர்டைக் கழற்றிவிட்டுக் கதவுக்குச் சாவிப்பூட்டு போட்டார். அலுவலகம் திரும்பியதும் அந்த இரண்டு பத்திகளையும் பக்கத்தின் முதலிலேயே வைத்து அனுப்பினேன். சரிபார்ப்பவர் கேட்டார்: இந்தச் சிப்பை இன்னும் யாராவது பயன்படுத்துகிறார்களா? நீளமாக ஒரு பதில் எழுதினேன். உருளை, குச்சி, மருதாணி எல்லாம். பிறகு அதை அழித்துவிட்டு 'ஆம்' என்று மட்டும் அனுப்பினேன். ஒப்புதல் வர நான்கு நாள் ஆனது. அழிக்க அரைமணி, திரும்ப எழுத நான்கு நாள். அதற்குள்ளும் அதற்குப் பிறகும் உருளைகள் சுழன்றன. ஏற்கெனவே படித்துவிட்டவரிடம் பக்கம் போய்ச் சேராது.

அவர் மில் மில்லாகப் போனார். நிலையாக ஓடும் தனிக் கடிகாரச் சிப்பு ஒன்றைச் சேர்த்து மாட்டினார். ஒவ்வொன்று முடிந்ததும் போன் செய்வார்: "ஆறுங்க அம்மணி." "ஒம்போதுங்க." போன் அடிக்கும்போதெல்லாம் எண்ணுக்குப் பதிலாக வேறு ஏதாவது சொல்லிவிடுவாரோ என்று நாலைந்து முறை அடிக்கும்வரை எடுக்கமாட்டேன்.

மூன்று வாரம் கழித்து எங்கள் கட்டடத்து வாசலுக்கே வந்தார். கழற்றிய போர்டு ஒன்றைச் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். நான் கேட்டிருந்தேன். இப்போதும் என் மேசையில்தான் இருக்கிறது. எதிர்க்கடையில் நின்று டீ குடித்தோம்.

"பதினொண்ணு ஆச்சுங்க," என்றார்.

"பன்னெண்டாவது?"

"அந்த மில்லை மூடிட்டாங்க. மெஷினை வித்துப்போட்டாங்க. போர்டும் அதோட போயிருச்சு. புரோக்கரைப் புடிச்சுக் கேட்டேன். மதுக்கரை தாண்டி லாரி போனது தெரியுமாமுங்க. அதுக்கு மேல அவருக்கும் தெரியல."

வண்டியை உதைத்துக் கிளப்பினார். கேட்கக் கூடாது என்று வைத்திருந்ததை அப்போது கேட்டுவிட்டேன்.

"பழைய மெஷின்தானே. எங்காச்சும் துருப்புடிச்சு நின்னிருக்கும், இல்லீங்களா?"

அவர் ஹெல்மெட்டின் வாரைத் தாடைக்கடியில் மாட்டினார்.

"நம்மூருல எதுங்க அம்மணி நின்னிருக்குது? எங்கயோ ஓடிட்டுத்தானுங்க இருக்கும். வாரேனுங்க."