முதல் டீக்கு முன் திறந்த லென்ஸ்

போஸ்னான் ஊரில் ஞாயிறுதோறும் ஒரு பள்ளிக்கூடத்தின் உடற்பயிற்சிக் கூடத்தில் பழைய கேமரா சந்தை கூடும். முப்பது வருடமாக அங்கே பொகுமில் சொல்வதுதான் வேதவாக்கு. வீடு வீடாக மின்சார மீட்டர் பார்த்து ஓய்வு பெற்றவர். கழுத்தில் கயிறு கட்டி ஒரு சின்ன டார்ச் தொங்கும். லென்ஸை வாங்குவார், தூசியை ஊதுவார், ஒளி நுழையும் துளையான அபெர்ச்சரை முழுசாகத் திறப்பார், பின்பக்கத்திலிருந்து டார்ச்சை அடித்து ஒரு கண்ணை மூடிக்கொள்வார். "சுத்தம்" என்றால் விலை ஏறும். "பூஞ்சை" என்றால் அதை ஒருவனும் சீந்த மாட்டான். இதற்குக் கூலி கிடையாது, மரியாதைதான். அதில் ஒரு துளி குறைந்தாலும் மனிதர் தாங்க மாட்டார். பக்கத்து மேஜையில் கேமரா வாரும் பழைய லென்ஸும் விற்கும் எனக்கு அவரைப் பிடிக்கவே பிடிக்காது. ஆனாலும் என் சரக்கையும் அவரிடம்தான் காட்டுவேன்.

குளிர்காலத்துக்கு அங்கே ஒரு கட்டுப்பாடு உண்டு. போட்டவரும் அவரேதான். பனியில் சில்லிட்டு வந்த லென்ஸைச் சூடான கூடத்தில் உடனே வெளியே எடுத்தால் உள் கண்ணாடியில் ஈரம் பூத்துவிடும். பார்ப்பதற்கு வருடக்கணக்கில் படிந்த மங்கல் போலவே இருக்கும். அதனால் முதல் டீ குடித்து முடிக்கும்வரை யாரும் பையைத் திறக்கக் கூடாது. எங்கள் எல்லாருக்கும் இது தெரியும். வெளியாளுக்கு எப்படித் தெரியும்?

அந்த ஜனவரி ஞாயிறு விடிந்ததுமே பொகுமிலுக்கு மூக்கறுபட்டது. போன மாதம் அவர் "சுத்தம்" என்ற ஒரு லென்ஸைக் கொண்டுவந்து, உள்ளே இருந்த மூன்று பூஞ்சைப் புள்ளிகளை எல்லார் எதிரிலும் எண்ணிக் காட்டினான் ஸ்லாவோமிர் என்ற வியாபாரி.

"பெரியவரே, முதல்ல உங்க கண்ணுல டார்ச் அடிச்சுப் பாக்கணும் போல இருக்கே!"

கூடமே சிரித்தது. நானும்தான் சிரித்தேன்.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் லியோகாடியா என்ற அம்மாள் உள்ளே வந்தார். டிராமிலிருந்து இறங்கி நேராக வந்திருக்கிறார், காலணியில் பனிகூட உதிரவில்லை. கோட்டுப் பையிலிருந்து ஒரு ஜெர்மன் லென்ஸை எடுத்துப் பொகுமிலிடம் நீட்டினார்.

"எங்க வீட்டுக்காரரோடதுங்க. தெயோஃபில்னு பேரு. அவர் போய் ரெண்டு வருஷம் ஆச்சு, இன்னும் மரச்சிலுவைதான் நிக்குது. இத வித்துட்டு, வர்ற கல்லறைத் திருநாளுக்குள்ள ஒரு கல்லு வெச்சிரலாம்னு பாக்குறேன்."

பொகுமில் மேல்கண்ணாடியைத் துடைத்துவிட்டு டார்ச் அடித்தார். லென்ஸ் ஐஸ்கட்டியாக இருந்திருக்கும். தெரிந்தே சொன்னாரா, ஆத்திரத்தில் மறந்தாரா, எனக்குத் தெரியாது. ஸ்லாவோமிருக்குக் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னார்.

"உள்ள முழுக்க மங்கல். தேறாது."

"தினமும் தொடைச்சு வெப்பாருங்களே ஐயா..."

"வெளிய தொடைச்சா உள்ள போயிடுமாம்மா? பொய் சொல்லி எனக்கு என்ன ஆகப்போகுது?"

அந்த அம்மாள் நாலு மேஜைக்கு அலைந்தார். பொகுமில் சொன்ன பிறகு நாலு பேரும் வேண்டாமென்று தலையை ஆட்டிவிட்டார்கள். கடைசியில் என்னிடம் வந்தார். கையில் வாங்கினேன், விரல் விறைத்தது. எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"மங்கலா இருந்தா என்னம்மா, அலமாரில அழகுக்கு வெச்சுக்கறேன்" என்று மூன்றில் ஒரு பங்கு விலை கொடுத்தேன். அவர் என் கையைப் பிடித்து நன்றி சொன்னார்.

அடுத்த டிராம் வரும்வரை அவர் கதவருகே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என் டீ தீர்ந்ததும் லென்ஸை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். பளிங்குபோலத் தெளிவு. பொகுமிலிடம் நீட்டினேன். அவர் டார்ச் அடித்து வெகுநேரம் பார்த்தார். காது மடல் சிவந்தது.

"அவங்களக் கூப்பிட்டு உண்மையச் சொல்லுங்க. மிச்சத்த நான் குடுத்துடறேன்" என்றேன்.

அவர் ஸ்லாவோமிரின் மேஜையைப் பார்த்தார். "ஒரே நாள்ல ரெண்டு தடவையா?" டார்ச்சை அணைத்தார். "உனக்கு அவ்ளோ உறுத்துனா நீயே கூப்பிடேன்."

நான் கூப்பிடவில்லை. அந்த அம்மாள் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு எழுந்து போனார். வசந்தத்தில் அந்த லென்ஸை முழு விலைக்கு விற்றேன். பொகுமில் இப்போது யார் வந்தாலும், "வெச்சுட்டு முதல்ல ஒரு டீ குடிங்க" என்கிறார். கோடையில்கூடச் சொல்கிறார். அவருடைய பிராயச்சித்தம் அவ்வளவுதான்.

கல்லறைத் திருநாளன்று என் அம்மாவின் கல்லறைக்குப் போயிருந்தேன். அதே வரிசையில் தெயோஃபிலின் மரச்சிலுவை நின்றது. அடி உளுத்துப்போய், கம்பி கட்டி நிறுத்தியிருந்தார்கள். மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்த லியோகாடியா அம்மாள் என்னை அடையாளம் கண்டுகொண்டு சிரித்தார்.

"அவரு லென்ஸு அலமாரில நல்லா இருக்குதுங்களா?"

"இருக்குதும்மா" என்றேன்.