கை நுழையாத ஃபர்னஸ்

"இந்த ஃபர்னஸை இங்க கொண்டாந்து சொருகினவன், ஒரே ஒரு தடவை, இதைத் திரும்பக் கழட்டிப் பார்த்திருப்பானா? சொல்லு பார்ப்போம்!"

நாங்கள் யாரும் சொல்ல மாட்டோம். வெர்லின் ஹாக்ஸ்டாடின் கேள்விக்குப் பதில் சொன்னால் அடுத்த கேள்வி வரும் என்பது எங்கள் அறுவடை முகாமுக்கு வந்த முதல் நாளே எல்லோருக்கும் புரிந்துவிடும். ஆனால் அவர் மாதிரி பேசிக் காட்டாதவர்கள் முகாமில் கிடையாது. மூக்கை இரண்டு விரலால் லேசாக அழுத்திக்கொண்டு, கடைசி வார்த்தையை மட்டும் ரப்பர் போல இழுக்க வேண்டும். "பார்ப்போ...ம்!" அவ்வளவுதான், வெர்லின் வந்துவிடுவார். நான் ஒருமுறை அப்படிச் செய்துகொண்டிருந்தபோது நிஜமாகவே வந்துவிட்டார். முழுதும் கேட்டுவிட்டு, "இழுக்கிறது பத்தலை" என்று மட்டும் சொல்லிப் போனார்.

நெப்ராஸ்காவில் முப்பத்துநாலு வருடம் பள்ளிப் பேருந்துகளுக்கு மெக்கானிக்காக இருந்தவர். ஓய்வு பெற்றதும் வீட்டை விற்றார், இருபத்தாறு அடி நீள டிரெய்லர் வீடு ஒன்றை வாங்கினார், பிக்கப் வண்டியின் பின்னால் மாட்டினார், மனைவி ஆர்டிஸை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். குளிர்காலம் அரிசோனாவில். கோடையில் ஏதாவது ஒரு ஏரிக்கரை முகாமில் நுழைவுச் சீட்டு கிழிக்கும் வேலை. அக்டோபரில் எங்களோடு வடக்கே டிரேட்டனில், சர்க்கரை எடுக்கும் பீட் கிழங்கு அறுவடை. எட்டு வருடமாக இதே சுற்றுத்தான். ஓடும் வீட்டில் அவர் கைபடாத இடம் இல்லை. செருப்புக்கு ஒரு தட்டு, தட்டுக்கு மேல் ஒரு கொக்கி, கொக்கிக்குப் பக்கத்தில் இன்னொரு தட்டு. எதையும் ஆணி அடித்து நிறுத்த மாட்டார். பசை, அதற்கு மேல் ஸ்க்ரூ, ஸ்க்ரூவின் தலை தெரியாமல் மரத்துண்டு வைத்து அடைப்பு. "நூறு வருஷத்துக்கு ஆடாது" என்று தட்டிக் காட்டுவார்.

வீட்டுக்குச் சூடு தரும் ஃபர்னஸ் மட்டும்தான் அவருக்கு அடங்காத சாமான். துணி அலமாரிக்கு அடியில், தரையோடு தரையாக, ஒரு தகரப் பெட்டிக்குள் அது கிடந்தது. அதைத் தொட வேண்டுமென்றால் பக்கத்திலிருக்கும் அடுப்பின் கீழ் இழுப்பறையை உருவி எடுத்து, தரையில் குப்புறப் படுத்து, பின்பக்க ஓட்டை வழியாகக் கையைத் தோள்வரை விட வேண்டும். கை போகும், கண் போகாது. ஆறு வருடமாக இப்படித்தான் அதைத் தடவித் தடவியே தூசி துடைத்து வந்தார். ஆறு வருடமாக அதை வைத்தவனைத் திட்டியும் வந்தார்.

இந்த வருடம் அறுவடை நடுவில், ஒரு புதன்கிழமை, முதல் கடும்பனி விழுந்தது. வாளித் தண்ணீர் கல்லாகிவிட்டது. அன்றைக்குத்தான் வெர்லின் வீட்டு ஃபர்னஸும் படுத்தது. உள்ளே காற்றாடி ஓடும், தீ மட்டும் பற்றாது. குளிர்காற்றை எடுத்துக் குளிர்காற்றாகவே திருப்பித் தரும். கரன்ட் ஹீட்டர் போட்டால் முகாமின் பாதி வரிசைக்கு விளக்கு அணைந்துவிடும். ரிப்பேர்காரரோ, ஒரே பனியில் ஊரிலுள்ள எல்லா டிரெய்லரும் சேர்ந்து கெட்டதால், அடுத்த புதன்கிழமைதான் வர முடியும் என்றுவிட்டார்.

ஆர்டிஸுக்குப் போன வசந்தத்தில்தான் நிமோனியா வந்து போயிருந்தது. இரண்டு இரவு குளிரில் இருமலைக் கேட்ட மகள் டோன்யா, ஒமாஹாவிலிருந்து போனில் தீர்ப்புச் சொல்லிவிட்டாள். சனிக்கிழமை காரில் வருகிறாள், அம்மாவைக் கூட்டிப்போகிறாள், டிரெய்லரில் அப்பா தனியாக எதை வேண்டுமானாலும் திட்டிக்கொள்ளட்டும்.

ஆர்டிஸும் இந்த முறை மறுக்கவில்லை. "இன்னிக்கு ராத்திரியும் இப்படியே இருந்தா நான் அவளோட போயிடறேன் வெர்லின். எனக்கு முடியலை" என்றாள். அவள் சத்தம் போட்டிருந்தால் அவர் பதிலுக்குச் சத்தம் போட்டிருப்பார். மெதுவாகச் சொன்னதால், போய் அடுப்பின் இழுப்பறையை உருவ ஆரம்பித்தார்.

வெள்ளிக்கிழமை எங்களுக்கு வேலையும் இல்லை. உறைந்த கிழங்கைக் குவித்தால் குவியலே அழுகிவிடும் என்று அறுவடையை நிறுத்தியிருந்தார்கள். நானும் ஆர்டிஸும் அவர்கள் சாப்பாட்டு மேசையின் பெஞ்சில், கோட்டும் கம்பளிக் கையுறையும் போட்டுக்கொண்டு சீட்டு விளையாடிக்கொண்டிருந்தோம். கையுறையோடு சீட்டைப் பிரிப்பது லேசில்லை. ஒரு ஆட்டத்துக்கு அரைமணி ஆனது. தரையில் வெர்லின் குப்புறக் கிடந்தார். வலது கை முழுக்கச் சுவருக்குள்.

"ஒரு தகடு இருக்கு ஆர்டிஸ். காத்து அதைத் தள்ளினாத்தான் தீ பத்தும். அதுலதான் ஏதோ மாட்டிருக்கு. விரல் நுனிக்கு எட்டுது. எட்டுது... எட்டலை. இதை டிசைன் பண்ணினவனுக்கு கை இருந்திருக்குமா? இல்லை, மீன் மாதிரி துடுப்பா? சொல்லு பார்ப்போம்!"

"எனக்கு அவனைத் தெரியாது. நீ கையை எடு, சூப் ஆறிப்போச்சு."

"எடுக்கிறேன்." தோளை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். "ஆர்டிஸ்."

"என்ன?"

"கை வரலை."

பாத்திரம் கழுவும் சோப்பை ஓட்டை வழியாக ஊற்றி, தோளைப் பிடித்து இருவரும் இழுத்தோம். பத்து நிமிடத்தில், தோல் சிவந்து வெளியே வந்தது கை. ஃபர்னஸ் வரவில்லை. அந்த நேரம் பார்த்து டெல்ஃபீன் ரூபிடூ கேசரோல் பாத்திரத்தோடு கதவைத் தட்டினாள். முன்னாள் தபால்காரி, இந்த வருடம் புதிதாக வந்தவள், இரண்டு இடம் தள்ளி இருக்கிறாள். அவளுடையதும் இதே கம்பெனியின் இதே மாடல் டிரெய்லர்.

"என்ன வெர்லின், குளிச்சியா? சோப்பு வாசனை அடிக்குது."

"கிண்டல் வேணாம். உன்னுதும் இதே எமன்தானே? நீ எப்படிக் கழட்டுவே, சொல்லு பார்ப்போம்!"

"முன்னாடி நாலு ஸ்க்ரூ. மூடியை எடுத்தா அப்படியே டிராயர் மாதிரி வெளிய வருது. போன வாரம்தான் துடைச்சேன். பத்து நிமிஷம்."

"முன்னாடியா? முன்னாடி ஏது ஸ்க்ரூ? உன்னுது வேற மாடலா இருக்கும்."

"அப்போ வந்து பாரேன். உன் நாக்கு மாதிரி என் ஃபர்னஸ் பொய் சொல்லாது."

போனார். பின்னாலேயே நாங்களும் போனோம், சூடு வரும் வீட்டுக்குள் நுழைய ஒரு சாக்கு கிடைத்ததே. டெல்ஃபீன் வீட்டில் சாப்பாட்டு மேசைக்கு இரண்டு மடக்கு நாற்காலிகள். அவள் ஒன்றைத் தள்ளிவைத்தாள். பின்னால், துணி அலமாரிக்கு அடியில், வரிவரியாகத் துளை போட்ட ஒரு தகர மூடி. நாலு மூலையில் நாலு ஸ்க்ரூ. முன்னால் எந்தத் தடையும் இல்லை, ஒரு குழந்தை உட்கார்ந்துகொண்டே கழற்றலாம்.

வெர்லின் குனிந்து பார்த்தார். மூடியைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார். உதடு ஏதோ கணக்குப் போட்டது. 

ஆர்டிஸ்தான் முதலில் விளங்கிக்கொண்டாள். "வெர்லின்," என்றாள், தேன் ஒழுக, "நமக்கும் இந்த நாற்காலிங்க இருந்துச்சு இல்ல?"

அவர் நாற்காலியை மடக்கினார், திரும்ப விரித்தார்.

"அரிசோனா யூமால, ஆறு வருஷத்துக்கு முன்னாடி ஒரு குளிர்காலம், மடக்கு நாற்காலில முதுகு வலிக்குதுன்னு சொன்னேனே. என் கம்பளி நூலையெல்லாம் வெக்கறதுக்கும் ஆகும்னு ஒரு பெட்டி பெஞ்சு கட்டிக் குடுத்தியே."

"வீட்டுக்குப் போகலாம்" என்றார் வெர்லின்.

வீட்டுக்கு வந்ததும் ஆர்டிஸ் நேராகப் போய் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். ரம்பத்தோடு நின்ற கணவரைப் பார்த்தாள்.

"எந்திரி ஆர்டிஸ்."

"முதல்ல சொல்லு. இதை இங்க கட்டினது யாரு?"

"இப்ப அதுவா முக்கியம்? இருட்டறதுக்குள்ள..."

"யாரு?"

"நான்தான்."

"கேக்கலை."

"நான்தான்! நான்தான்! எந்திரி!"

பசை, ஸ்க்ரூ, மரத்துண்டு அடைப்பு. நூறு வருடத்துக்கு ஆடாது என்றவர் பொய் சொல்லவில்லை. ஒன்றரை மணி நேரம் அறுத்தார், நெம்பினார், உதைத்தார். "எந்த மடையன்டா இவ்வளவு பசை போட்டான்" என்று ஒருமுறை வாய்தவறி ஆரம்பித்துவிட்டு எங்களைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். பலகை பெயர்ந்ததும் உள்ளே ஆர்டிஸின் நூல் உருண்டைகள் சரிந்து விழுந்தன. அவற்றுக்குப் பின்னால், ஆறு வருடமாக வெளிச்சம் பார்க்காத தகர மூடி. நாலு ஸ்க்ரூ.

ஃபர்னஸ் டிராயர் மாதிரியே வந்தது. தகட்டில் சுற்றிக்கொண்டிருந்ததை இடுக்கியால் எடுத்தார். நீல நிறத்தில், எலிக்குட்டி அளவுக்கு ஒரு பஞ்சு உருண்டை. ஃபர்னஸ் இத்தனை வருடமும் அந்த நூல் பெட்டி வழியாகத்தான் காற்றை உறிஞ்சியிருக்கிறது.

வெர்லின் முகத்தில் உயிர் வந்தது. "இது யாரு நூலு? ஹா! இது யாரு நூலுங்கறேன்?"

"அதை அங்க வெக்கச் சொன்னது யாரு?" என்றாள் ஆர்டிஸ்.

எலிக்குட்டியைக் கீழே போட்டுவிட்டார். பெட்டியைத் திரும்பத் தள்ளி, மூடியைப் பூட்டி, பொத்தானைத் திருகினார். காற்றாடி ஓடியது. ஒரு சின்னச் சொடுக்கு. பிறகு குப்பென்று தீ பற்றும் சத்தம். கருகிய தூசி வாசனையோடு சூடு காலில் அடித்தது. நான் கையுறையைக் கழற்றினேன். ஆர்டிஸ் அதற்குள் சிரிக்க ஆரம்பித்திருந்தாள். நாற்காலி இல்லை, பெஞ்சு இல்லை. நூல் உருண்டைகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வர, அடக்க அடக்கச் சிரித்தாள்.

போன் அடித்தது. டோன்யா. ஆர்டிஸ் ஸ்பீக்கரைப் போட்டுத் தரையில் வைத்தாள்.

"அம்மா, நாளைக்குக் காலைல அஞ்சு மணிக்குக் கிளம்பறேன். உன் மருந்தெல்லாம் எடுத்து வெச்சாச்சா?"

"ஃபர்னஸ் ஓடுது டோன்யா" என்றார் வெர்லின், போனை நோக்கி.

"அப்பா, இன்னிக்கு ஓடும். நாளைக்கு அறுவடையில நீங்க பன்னிரண்டு மணி நேரம் வெளிய நிக்கறப்போ கெட்டுப்போனா? அதைக் கழட்டவே முடியாது, வெச்சவன் அப்படி வெச்சிருக்கான்னு ஆறு வருஷமா நீங்கதானே சொல்றீங்க? கிறிஸ்துமஸ் சாப்பாட்டுல கூட அதையே சொன்னீங்க. கழட்ட முடியாத ஒண்ணை நம்பி அம்மாவை எப்படி அங்க விட்டு வெக்கறது?"

நல்ல கேள்விதான். வெர்லின் என்னைப் பார்த்தார், நான் கூரையைப் பார்த்தேன். ஆர்டிஸ் சிரிப்பைத் துடைத்துக்கொண்டு, போனுக்குக் கேட்காதபடி சொன்னாள்: "காரணத்தை அவகிட்ட நீயே சொல்லு. மழுப்பினேன்னா, காலைல நான் கார்ல ஏறிடுவேன்."

வெர்லின் மெதுவாக மண்டியிட்டு, போனைக் கையில் எடுத்தார். மூக்காலேயே பேசும் மனிதர், அப்போது மட்டும் தொண்டையிலிருந்து பேசினார்:

"டோன்யா, ஒரு தடவைதான் சொல்லுவேன், நல்லாக் கேட்டுக்கோ: ஃபர்னஸை வெச்சவன் ஒழுங்காத்தான் வெச்சிருக்கான், அதுக்கு முன்னாடி பெஞ்சைக் கட்டி அடைச்ச மடையன் உங்கப்பன், அந்தப் பெஞ்சு இப்ப வெறும் விறகு, இனிமே இது கெட்டா நாலு ஸ்க்ரூ, பத்து நிமிஷம், உங்கம்மாவே கழட்டிடுவா, நீ வர்றதுன்னா தாராளமா வா, உக்கார ரெண்டு மடக்கு நாற்காலி வாங்கிட்டு வா, ஆனா அவளைக் கூட்டிட்டுப் போற பேச்சு மட்டும் பேசாதே, என்னைப் பார்த்துச் சிரிக்க அவளுக்கு ஆறு வருஷப் பாக்கி இருக்கு, இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கா!"