ஏழாம் நம்பர் பொத்தான்

அறுபத்திரண்டு வயதில் மேஜைக்கு அடியில் மல்லாந்து படுத்து, வாயில் டார்ச் லைட்டைக் கவ்விக்கொண்டு ஒயர் எண்ணும் தலையெழுத்து தனக்கு வரும் என்று ஊசி ஒருநாளும் நினைத்ததில்லை. ஊசி என்பது புருஷன் வைத்த பெயர். நாற்பது வருஷம் முன்னறையில் தையல் மெஷின் போட்டு ஊரார் துணியைப் பிரித்துத் தைத்தவள். நாக்கும் அதே கூர்மை. "வாயத் தொறந்தா நாலு தையல் போடாம மூட மாட்டா" என்று அவர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லி, சொன்னதற்குத் தானே சிரித்துக்கொள்வார்.

இப்போது அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட அவரால் முடியாது. பக்கவாதம் வந்து எட்டு மாதம் ஆகிறது. வலது கையும் காலும் போயின. பேச்சில் மிஞ்சியது ஒரே ஒரு வார்த்தை. "சரி."

சாப்பிடுறீங்களா? சரி. சாப்பிட்டாச்சா? சரி. எங்கயாவது வலிக்குதா? சரி. எதைச் சொன்னாலும் "அதெப்படி?" என்று மல்லுக்கு நின்ற மனிதர் இப்படி எல்லாவற்றுக்கும் தலையாட்டுவதை அவளால் தாங்க முடியவில்லை. "சண்டைக்காவது வாங்களேன்" என்று ஒருநாள் அழுதேவிட்டாள். அதற்கும் அவர் சரி என்றுதான் சொன்னார்.

அவள் படுத்துக் கிடந்தது வெறும் மேஜைக்கு அடியில் அல்ல. பின்னறை முழுவதையும் அடைத்துக்கொண்டு நிற்கும் பிளைவுட் பலகை அது. அதன்மேல் ஒரு பொம்மை ரயில் பாதை. சுற்றிவரும் மெயின் லைன், குகை, பாலம், ஒரு ஸ்டேஷன், ரயில் பெட்டிகளை ஒதுக்கி வைக்க நாலு கிளைப் பாதைகள். ஒன்பது வருஷ உழைப்பு. துணி காயப்போட அந்த அறை வேண்டும் என்று அவள் போட்ட சண்டைகளுக்கும் அதே வயது.

அவர் லிப்ட் மெக்கானிக். கட்டிடம் கட்டிடமாக ஏறி இறங்கி முப்பத்தைந்து வருஷம் ஓட்டியவர். வேலையை விட்ட பிறகு அந்தக் கை சும்மா இருக்கவில்லை. தண்டவாளம் இரண்டாகப் பிரியும் இடத்துக்குப் பாயிண்ட் என்று பெயர். அங்கே கத்தி முனை போல மெலிந்த இரண்டு தண்டவாளத் துண்டுகள் இடமும் வலமும் நகர்ந்து ரயிலுக்கு வழிகாட்டும். அவற்றை இழுக்கப் பலகைக்கு அடியில் பாயிண்டுக்கு ஒரு சின்ன மோட்டார். மோட்டாருக்குள் இரண்டு காயில், அதாவது செப்புக் கம்பிச் சுருள். ஒன்று நேரே தள்ளும், இன்னொன்று திருப்பிவிடும். பதினொரு பாயிண்டுக்கும் ஓரத்தில் பொத்தான் பலகை ஒன்று செய்து வைத்திருந்தார். நம்பர் போட்ட பொத்தானைத் தட்டினால் அந்தப் பாயிண்ட் திரும்பும், எல்லாவற்றையும் நேராக்கத் தனியாக ஒரு பொத்தான். நேரே என்றால் சிவப்பு லைட்டு, திருப்பம் என்றால் பச்சை.

அந்தப் பொத்தானைத் தட்டுவதற்கு ஒரு பக்குவம் உண்டு. தட்டிய கையோடு விரலை எடுத்துவிட வேண்டும். ஒரு நொடிக்கு மேல் அழுத்திக்கொண்டு நின்றால் காயில் சூடேறிக் கருகிவிடும். எவ்வளவு நேரம் அழுத்தினாலும் ஒரு சொடுக்கு மின்சாரத்துக்கு மேல் விடாத கருவி கடையில் கிடைக்கிறது. மகள் அதை வாங்கித் தருகிறேன் என்றபோது மனிதருக்கு ரோஷம் வந்துவிட்டது. "அதெல்லாம் கை சொன்ன பேச்சு கேக்காதவனுக்கு. எனக்கெதுக்கு?" என்றார். அன்றைக்கு அவளும் சேர்ந்து சிரித்தாள்.

இன்னொன்றும் உண்டு. அந்தச் சிவப்பும் பச்சையும் பாயிண்டோடு சேர்ந்தவை அல்ல, பொத்தானோடு சேர்ந்தவை. பொத்தானைத் தட்டினால் லைட்டு மாறும், கீழே பாயிண்ட் நகர்ந்ததோ இல்லையோ. லிப்டில் அவருக்குக் கீழே வேலை பார்த்தவன் ஒருவன், மூன்றாவது மாடியில் லிப்ட் நிற்கிறது என்று லைட்டு காட்டியதை நம்பிக் கதவைத் திறந்து காலை வைத்தான். லிப்ட் அங்கே இல்லை. அன்றிலிருந்து லைட்டு என்றாலே அவருக்கு ஆகாது. "நீ கேட்டததான் அது சொல்லும். நடந்ததச் சொல்லாது. லைட்டப் பாக்காத, ரயிலப் பாரு" என்று பொம்மை ரயில் பார்க்க வந்த விருந்தாளிகளையும் விடாமல் பாடம் எடுப்பார். பாயிண்ட் எங்காவது சிக்கிக்கொண்டால் ஒரு கெட்ட வார்த்தை சொல்லிக் குனிந்து, சுண்டு விரலால் தள்ளிவிடுவார். லைட்டை உண்மை பேசவைக்க ஒவ்வொரு பாயிண்டுக்கும், அது நகர்ந்தால் மட்டும் லைட்டுக்கு மின்சாரம் விடுகிற தொடுமுனை ஒன்று வைக்கப்போவதாக ஒன்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்த மாசம், அடுத்த மாசம் என்று அது போய்க்கொண்டே இருந்தது.

மகள் பக்கத்து ஊரில் வங்கியில் வேலை பார்க்கிறாள். கெட்டவள் இல்லை. அப்பாவைக் குளியலறைக்குத் தூக்கிக்கொண்டு போகும்போது அம்மா இரண்டு முறை அவரோடு சேர்ந்து விழுந்தாள் என்று தெரிந்ததிலிருந்து ஒற்றைக்காலில் நிற்கிறாள். இப்படிப்பட்டவர்களைப் பார்த்துக்கொள்ளும் விடுதி ஒன்றில் இடம் பிடித்து, கையெழுத்துப் போடவேண்டிய படிவத்தையும் கொண்டுவந்து விட்டாள்.

"அப்பாவுக்கு ஒண்ணும் புரியலம்மா. நீ ஏத்துக்க மாட்டேங்கற."

"எல்லாம் புரியுது. வாய்தான் வரல. புரியாத ஆளா இருந்தா நானே கொண்டுபோய் விட்டுட்டு வரேன்டி. புரியற மனுஷன முன்னப்பின்ன தெரியாதவங்க நடுவுல எப்படி விடறது? அங்க படுத்துக்கிட்டு என்னப் பத்தி என்ன நெனப்பாரு?"

அவள் சும்மா சொல்லவில்லை. ஆதாரம் பின்னறையில் இருந்தது. தினமும் காலையில் சக்கர நாற்காலியைப் பொத்தான் பலகைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்துவாள். அவர் இடது கையால் ரயிலைக் கிளப்புவார். மூன்று, ஐந்து, ஏழு என்று வரிசை பிசகாமல் தட்டுவார். ரயில் குகையைத் தாண்டி, பாலம் ஏறி, ஏழில் திரும்பி ஸ்டேஷனுக்குள் போய் நிற்கும். மூளை போனவன் செய்கிற காரியமா இது? "ஞாயித்துக்கெழம வா. உன் கண்ணால பாரு. அப்புறம் பேசு" என்று மகளிடம் அடித்துச் சொல்லிவிட்டாள். படிவம் கைப்பையிலேயே இருக்கட்டும் என்று மகளும் இறங்கி வந்தாள்.

புதன்கிழமை காலை ஏழாம் நம்பர் பொத்தானைத் தட்டிய விரல் எழும்பவில்லை. அவர் அழுத்திக்கொண்டே இருந்தார். "எடுங்க, எடுங்க" என்று அவள் அடுப்படியிலிருந்து ஓடி வருவதற்குள் பலகைக்கு அடியிலிருந்து நூலாகப் புகை வந்துவிட்டது. கை தளர்ந்துவிட்டது, அவ்வளவுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அதனால்தான் இந்த மல்லாந்த கோலம். அவர் பெட்டியில் புது மோட்டார் ஒன்று இருந்தது. ஆனால் ஒயர் எல்லாம் ஒரே சாம்பல் நிறம், லிப்ட் கம்பெனி கழித்துப்போட்ட கேபிளை உரித்து எடுத்தது. ஒன்றிலும் சீட்டு ஒட்டவில்லை. இஸ்திரிப்பெட்டியில் ஒருநாளும் சுட்டுக்கொள்ளாதவள், ஒயருக்கு ஈயம் பற்றவைக்கும் கம்பியில் மூன்று விரலைச் சுட்டுக்கொண்டதுதான் மிச்சம். மோட்டார் அசைந்துகொடுக்கவில்லை.

கூட வேலை பார்த்த லிப்ட்காரர் ஒருவரைப் போன் போட்டு வரவழைத்தாள். வந்தவர் முட்டி தேயத் தவழ்ந்து பார்த்துவிட்டு வெளியே வந்து தூசியைத் தட்டினார்.

"இதுக்குப் படம் எதாவது போட்டு வச்சிருக்காராம்மா?"

"அவர் தலைக்குள்ளதான் இருக்கு."

லிப்ட்காரர் நண்பரிடம் குனிந்து, "அண்ணே, ஏழுக்குப் போற ஒயரு எது? கையால காட்டுங்க, போதும்" என்று கெஞ்சினார்.

"சரி" என்றார் அவர், கையை மடியிலிருந்து எடுக்காமலே.

எல்லாவற்றையும் பிரித்து முதலிலிருந்து போட்டால்தான் உண்டு, ஒரு மாதமாவது ஆகும் என்று சொல்லிவிட்டு லிப்ட்காரர் போனார். மோட்டார் மாற்றும்போது நேராக நகர்ந்து அப்படியே நின்றுவிட்ட ஏழாம் பாயிண்டை ஊசி பார்த்தாள். பிறகு அவளுக்கே ஒரு தெம்பு வந்தது. கெட்டுப்போனால் போகட்டும். ரயில் திரும்பாமல் நேரே போவதை இவர் பார்ப்பார். பார்த்ததும் முகம் கடுகடுக்கும். குனிந்து விரலால் தள்ளுவார். அதைவிடப் பெரிய சாட்சி வேறு என்ன வேண்டும்? மகளிடம் இதைப் பற்றி மூச்சு விடக்கூடாது, தானாகவே பார்க்கட்டும் என்று முடிவு செய்தாள். ஞாயிறு வரை அவரை ரயில் ஓட்டவும் விடவில்லை.

ஞாயிறு காலை பத்து மணிக்கு மகள் வந்தாள். ஊசி அவருக்குச் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டி, நாற்காலியை வழக்கத்தைவிடப் பாதைக்கு நெருக்கமாக நிறுத்தியிருந்தாள். கையை நீட்டினால் ஏழாம் பாயிண்ட் எட்டும்.

அவர் ரயிலைக் கிளப்பினார். மூன்றைத் தட்டினார், பச்சை. ஐந்தைத் தட்டினார், பச்சை. ரயில் குகைக்குள் போய் வெளியே வந்து பாலம் ஏறியது. மகள் பாதைக்குக் கிட்டே வந்தாள். ஏழைத் தட்டினார். இந்த முறை விரல் கச்சிதமாக எழும்பியது. பச்சை எரிந்தது.

ரயில் நேரே போனது.

ஊசி அவர் முகத்தையே பார்த்தாள். அவர் லைட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாதி முகத்தில் சிரிப்பு வந்தது. ரயில் இன்னொரு சுற்று வந்தது. மூன்று, ஐந்து, ஏழு. மறுபடியும் பச்சை, மறுபடியும் நேரே. தவறாமல் தட்டியது விரலின் பழக்கம் மட்டுந்தான், தையல் மெஷினில் தன் கால் தானாக மிதிக்குமே அது போல. இத்தனை மாதம் அவள் அந்த விரலோடுதான் குடும்பம் நடத்தியிருக்கிறாள்.

பக்கத்தில் மகள் மூக்கை உறிஞ்சினாள். "நீ சொன்னதுதாம்மா நெசம். ஒரு லைட்டு கூடத் தப்பாம போடறாரு. நாந்தான் அவசரப்பட்டுட்டேன். அப்பா இங்கயே இருக்கட்டும். ஆள் வச்சுப் பாத்துக்கலாம்."

வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். ஊசிக்கு அது நன்றாகத் தெரிந்தது. அவர் வீட்டிலேயே இருப்பார், இதே சட்டை, இதே நாற்காலி. எந்தக் காலத்திலும் மூடாத வாயை இன்றைக்கு ஒருநாள் மூடிக்கொண்டால் எல்லாம் தான் கேட்டபடியே நடந்துவிடும். ரயில் குகையைத் தாண்டி வரும்வரை அப்படியே நின்றாள்.

"லைட்டப் பாக்காத" என்றாள். "ரயிலப் பாரு."

மகள் பார்த்தாள். ரயில் ஸ்டேஷனைத் தொடாமல் கடந்து போனது.

"எங்கம்மா போகணும் அது?"

"உள்ள. அந்த பாயிண்ட் புதன்கெழமையே செத்துப்போச்சு."

ஊசி குனிந்து அவர் இடது கையை எடுத்தாள். சுண்டு விரலை அந்தக் கத்தி முனைத் தண்டவாளத்தின்மேல் வைத்தாள். "ஏங்க, ரயில் திரும்பலீங்க. தள்ளுங்க. ஒரே ஒரு தடவ தள்ளுங்க." விரல் வைத்த இடத்தில் வைத்தபடி கிடந்தது. அவர் கண் பொத்தான் பலகையின் லைட்டிலிருந்து நகரவில்லை. அவள் கையை விட்டதும் அது தானாகப் போய் ஏழாம் நம்பர் பொத்தானைத் தட்டிவிட்டு மடிக்குத் திரும்பியது.

"அந்த பேப்பர எடு" என்றாள் ஊசி மகளிடம்.

மகள் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"எடுடி. எங்க கையெழுத்து போடணும்?"

பச்சை எரிந்துகொண்டிருந்தது.

"சரி" என்றார் அவர்.